பதியன் கட்டும் கை

1937-ஆம் வருஷம், மாசி மாதம். கோம்பை ஊரைக் கடந்து மேற்கே மலையடிவாரம் வரைக்கும் வந்த ஒரு மாட்டுவண்டி, தோட்டத்து ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் நின்றது. இரண்டு தகரப் பெட்டி, ஒரு உலக்கை, பாய்ச்சுருள், சோள மூட்டை. வண்டியில் இருந்த சாமான் அவ்வளவுதான். செல்லப்பாண்டி இறங்கி மாடுகளை அவிழ்த்தான். அவன் மனைவி சந்தனம்மாள் வீட்டைச் சுற்றி ஒருதரம் கண்ணை ஓட்டினாள். அக்கம்பக்கத்தில் வேறு வீடு இல்லை. மலை மட்டும் மிகக் கிட்டத்தில் நின்றது.

வடுகபட்டியில் அண்ணன் தம்பிகளோடு ஒரே கூரைக்குள் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். அந்த ஏழு வருஷத்தில் சந்தனம்மாளின் வயிறு ஒருதரமும் திறக்கவில்லை. அவள் தூக்கிய பிள்ளையை ஓரகத்திகள் ஏதாவது சாக்குச் சொல்லி உடனே வாங்கிக்கொள்வார்கள். அது பொறுக்காமல் இருந்த சமயத்தில்தான் செல்லப்பாண்டியின் பெரியப்பா மகன் கர்ணன் சொல்லியனுப்பினான். கோம்பையில் தன் வீடு சும்மாக் கிடக்கிறது, தோட்டமும் கிணறும் இருக்கின்றன, வந்து இருந்துகொள்ளலாம், தனக்கு எதுவும் தரவேண்டாம் என்று.

கர்ணன் மலைமேல் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவன். அங்கிருந்து சீமை அத்திக் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். அவற்றை வளர்த்தது அவன் மனைவி மூக்கம்மாள். அவள் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கர்ணன் அதற்குப்பின் வீட்டைப் பூட்டிவிட்டு உத்தமபாளையத்தில் ஒரு காபி கிளப்பில் அடுப்படி வேலைக்குப் போய்விட்டான்.

பின்வாசலைத் திறந்தபோது இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

ஆறு மரங்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, குடை விரித்ததுபோல் கிளைகளைப் பரப்பி நின்றன. நாட்டு அத்தி மாதிரி அடிமரத்தில் கொத்துக்கொத்தாகக் காய்க்காமல், கிளைகளில் இலைக்கு ஒன்றாகக் காய் பிடித்திருந்தது. சில பழுத்துக் கழுத்து துவண்டு தொங்கின. கிணற்றை ஒட்டிய மரம் மற்ற ஐந்தையும்விட இரண்டு பங்கு பருத்திருந்தது. ஒரு வருஷமாக ஆள் இல்லாத தோட்டத்தில் ஒரு புல் இல்லை. அடியில் வட்டப்பாத்தி சீராகக் கட்டியிருந்தது.

பாத்தி மண் ஈரமாக இருந்தது.

"யாரு மாமா தண்ணி ஊத்துனது?" என்றாள் சந்தனம்மாள்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரவுக யாராச்சும் ஊத்திருப்பாக."

பக்கத்துத் தோட்டம் என்று ஒன்று கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. ஆனால் வந்த அன்றைக்கே அதைப் பேச இருவருக்கும் மனமில்லை.

கர்ணன் விட்டுப்போன கோம்பை நாய் ஒன்று அங்கே இருந்தது. செம்மண் நிறம், கறுத்த மூஞ்சி. புது ஆட்களைக் கண்டதும் உறுமியது. பிறகு சோறு வைத்ததும் பழகிவிட்டது. மத்தியானம் ஆனால் மட்டும் அது வீட்டு நிழலை விட்டு எழுந்து வெயிலில் நடந்து கிணற்றடிக்குப் போகும். அங்கே யாருமில்லாத இடத்தைப் பார்த்து வாலை ஆட்டும். மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும்.

அந்த வேளையில்தான் கிணற்றுக் கப்பி சுழலும் சத்தம் கேட்கும்.

முதலில் காற்று என்று நினைத்தார்கள். காற்றுக்கு வாளி நிரம்பி மேலே வராது. தண்ணீர் மண்ணில் விழும் சத்தமும் கேட்காது. செல்லப்பாண்டி இரண்டு தடவை ஓடிப்போய்ப் பார்த்தான். கயிறு நனைந்திருந்தது. பாத்தியில் நுரை அடங்கிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. தண்ணீரோடு கலந்து ஒரு வாசனை மட்டும் நின்றது. அத்தி இலையைக் கசக்கினால் வரும் பச்சைப் பால் வாசனை, அதோடு மஞ்சள் வாசனை.

பங்குனியில் இன்னொன்று நடந்தது. கிணற்றடி மரத்தின் எட்டுக் கிளைகளில் யாரோ பதியன் கட்டியிருந்தார்கள். கிளையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சீவி எடுத்து, செம்மண்ணும் மாட்டுச் சாணமும் பிசைந்து அப்பி, மேலே சாக்குத் துண்டைச் சுற்றி, தென்னை நாரால் முடிச்சுப் போட்டிருந்தது. அத்தனை முடிச்சும் ஒரே மாதிரி. சந்தனம்மாள் கட்டியதாக அவன் நினைத்தான். அவன் கட்டியதாக அவள் நினைத்தாள்.

நாற்பது நாளில் சாக்கைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வேர்கள் எட்டிப் பார்த்தன. செல்லப்பாண்டி கட்டுக்குக் கீழே கிளையை அறுத்து எட்டையும் நட்டான். எட்டும் பிழைத்தன. பட்டுப்போவது என்பதே அந்தத் தோட்டத்தில் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. யார் செய்தால் என்ன, நல்லதுதானே செய்கிறார்கள் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான். சந்தனம்மாளுக்கு அந்தப் பழங்கள் மிகவும் பிடித்துவிட்டன. விடிந்ததும் பறித்து, பால் கையில் படாமல் துணியால் துடைத்து, நின்ற இடத்திலேயே தின்பாள்.

வைகாசியில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது தெரிந்தது.

சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. செல்லப்பாண்டி அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டான். எழுந்திருக்கவே அவனுக்கு வெகுநேரம் ஆனது. அன்றிலிருந்து அவளைக் கிணற்றுப் பக்கமே விடவில்லை. அவனே தண்ணீர் இறைத்தான்.

ஆனால் கிணற்றடியில் இருந்தது இப்போது அவளிடம் வரத் தொடங்கிவிட்டது.

ஒருநாள் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தவள், தன் பாதங்கள் ஈரமாக இருப்பதைப் பார்த்தாள். பாயும் ஈரம். குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர். மறுநாள் எழுந்தபோது பின்னலின் நுனி நாலு விரற்கடை நறுக்கப்பட்டிருந்தது, கவாத்துச் செய்த கிளைபோல், சாய்வாக.

"தூக்கத்துல நீயே ஏதாச்சும் பண்றியா?" என்றான் அவன்.

"எனக்குத் தெரியல மாமா. முழிச்சிருக்கணும்னுதான் உக்காந்திருக்கேன். கப்பிச் சத்தம் கேட்டதும் கண்ணு சொருகிருது."

மூன்றாம் நாள் அவள் கத்திய சத்தத்தில் தொழுவத்தில் இருந்தவன் ஓடிவந்தான். அவள் இடது கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மணிக்கட்டைச் சுற்றி ஈரச் சாக்குத் துணி. தென்னை நார் முடிச்சு.

அவன் அதை அவிழ்த்தான். உள்ளே செம்மண்ணும் சாணமும். மண்ணைக் கழுவியபோது, அவள் மணிக்கட்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மேல்தோல் மெல்லச் சீவப்பட்டிருந்தது. ரத்தம் வரவில்லை. வலியும் இல்லை என்றாள் அவள்.

அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். செல்லப்பாண்டி பிற்பாடு எத்தனையோ தடவை அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். ஆனால் வடுகபட்டிக்குத் திரும்ப அவளுக்கு மனசில்லை. வண்டி குலுங்கினால் பிள்ளை தங்காது என்று பயந்தாள். ஏழு வருஷம் கேட்டுக் கிடைத்ததை இந்த மண்தான் கொடுத்தது என்றும் அவளுக்கு ஒரு எண்ணம். பூசாரியிடம் திருநீறு வாங்கிவந்து வாசல்படியில் போட்டார்கள். அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை என்று அவள் சொன்னாள். அவன் நம்பினான்.

ஆடி பிறந்து பெருங்காற்று தொடங்கியது. கணவாய் வழியாக இறங்கும் காற்று ராவும் பகலும் ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் விடியலில், அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பி அவன் முன்னால் நின்றாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு மறச்சுட்டேன் மாமா."

சேலையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். மேடிடத் தொடங்கியிருந்த வயிற்றைச் சுற்றி, முதுகு வரைக்கும், இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்த வளையம். தோல் சீவிய தடம்.

"தெனமும் கட்டுது. எந்திரிச்சதும் நான் அவுத்துக் கழுவிருவேன். சொன்னா வண்டியில ஏத்திருவீகனு சொல்லல. நேத்து அவுக்கையில அந்தச் சாக்குல..."

"சாக்குல என்ன?"

"வேர் இருந்துச்சு மாமா. அத்தி வேராத்தான் இருக்கணும். வெள்ளையா, நூலு மாதிரி. இழுக்கையில எனக்கு வலிச்சுச்சு."

இதை அறிந்தவன் கர்ணன் ஒருவனாகத்தான் இருக்க முடியும் என்று செல்லப்பாண்டிக்குத் தோன்றியது. மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவேன், வந்ததும் கிளம்பிவிடுவோம், அதுவரைக்கும் இரண்டு கதவையும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரு என்று சொல்லிவிட்டு உத்தமபாளையத்துக்கு நடந்தான். நடந்தான் என்பதைவிட ஓடினான் என்றே சொல்லலாம். காற்று முதுகுப்பக்கம் நின்று அவனைத் தள்ளியது.

கர்ணன் சந்தைக்குப் போயிருந்தான். அவன் வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. துரை பங்களாவில் போட்டிருந்த முழுக்கைச் சட்டையை அந்தப் புழுக்கத்திலும் பித்தான் மாட்டிப் போட்டிருந்தான். செல்லப்பாண்டியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

"யாருக்கு?" என்றான். "ஒனக்கா, ஒம் பொண்டாட்டிக்கா?"

"அவளுக்கு. வயித்துல."

கர்ணன் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தான்.

"முழுகாம இருக்காளா?"

"நாலு மாசம். அண்ணே, என்னண்ணே அது? அங்கன யாரு இருக்கா?"

கர்ணன் இடது சட்டைக் கையை மெல்லச் சுருட்டினான். முழங்கைக்குக் கீழே, கையைச் சுற்றி, இரண்டு விரல் அகலத்துக்கு மயிரில்லாமல் பளபளவென்று ஒரு தழும்பு வளையம்.

"மூக்கம்மா" என்றான் தணிந்த குரலில். "மூணு புள்ள அவ வயித்துலயே செத்துப்போச்சு தம்பி. மூணாவதோட அவளும் போயிட்டா. ஒரு குச்சிய வெட்டி மண்ணுல வச்சா அதுபாட்டுக்கு வேர் விடுது, எனக்கு மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குதுனு கேட்டுக்கிட்டே இருப்பா. நான் என்னத்தச் சொல்ல? காரியம் முடிஞ்ச மறுநா மத்தியானம் கப்பிச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் எங் கையில கட்டுனா. வேர் புடிக்கல. ஆம்பள ஒடம்புல்ல."

"மரத்த வெட்டிப் போட்டிருக்கலாம்ல?"

"வெட்டுனேன். கவாத்துப் பண்ணுன கணக்கா முன்னவிட ரெண்டு பங்கு தளுத்துச்சு."

"தெரிஞ்சேதான் எங்களக் குடி வச்சீகளா?"

கர்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு பொம்பளத் தொண இருந்தா அடங்குவானு நெனச்சேன்டா. சத்தியமா இப்படி நெனைக்கல." பிறகு திடீரென்று நிமிர்ந்தான். "ஏலே, வயித்துல கட்டி எத்தன நாளாச்சு?"

செல்லப்பாண்டி மனசுக்குள் எண்ணினான். ஆனி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை முதல் தடம் பார்த்ததாகக் காலையில் அவள் சொல்லியிருந்தாள்.

எண்ணி முடிக்குமுன் அவன் தெருவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.

நாற்பது நாள். வேர் பிடித்த பதியனை அறுக்கும் நாள்.

வீட்டை நெருங்கியபோது உச்சி வெயில். ஊர்ப்புறத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று அந்தத் தோட்டத்துக்குள் மட்டும் நின்றுபோயிருந்தது. ஒரு இலை அசையவில்லை. முன்கதவைத் தட்டினான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சுற்றி ஓடிப் பின்கதவைத் தள்ளினான். அதுவும் உள்ளே தாழ்ப்பாள்.

கப்பி சுழலும் சத்தம் கேட்டது.

கிணற்றடி மரத்தின் பாத்திக்குள் சந்தனம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கணுக்கால் வரைக்கும் சேற்றில் புதைந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. முகத்தில் பயமே இல்லை, தாய் மடியில் தூங்கும் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. வயிற்றைச் சுற்றி ஈரச் சாக்கு. அதன் கட்டுக்குக் கீழே, வளைந்த கவாத்துக் கத்தி. கத்தியைப் பிடித்திருந்தது அவளுடைய வலது கைதான்.

நாய் அவள் காலடியில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

கத்தி முனை சாக்குக்கு அடியில் நுழைந்தது.

செல்லப்பாண்டி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

அவன் பிடித்தது அவள் கையை அல்ல.

அவள் கைமேல் இன்னொரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளங்கையில் தெரிந்தது. குளிர்ந்து, நனைந்து, நகக்கண்ணில் மண் நறநறக்கும் ஒரு பெண்ணின் கை. கண்ணாடி வளையல்கள் அவன் விரலில் உரசின. எத்தனை பலமாக இழுத்தும் அது அசையவில்லை. கிணற்றுச் சுவரை இழுப்பது போலிருந்தது. கத்தி மயிரிழை மயிரிழையாக முன்னால் போனது.

அவனுக்கு மந்திரம் தெரியாது. சாமி பெயர்கூட அந்த நேரம் வாயில் வரவில்லை. வந்தது ஒரு சொல்தான்.

"மதினி."

கத்தி நின்றது.

"மதினி, நான் செல்லப்பாண்டி. ஒங்க கொழுந்தன். இது எம் புள்ள மதினி." அவன் அழுதுகொண்டே பேசினான். "இப்ப அறுத்தா நிக்காது மதினி. வேர் பத்தல. பத்து மாசம் ஆகாம அறுத்தா பட்டுப்போகும். ஒங்களுக்குத் தெரியாததா?"

கிணற்றுக்குள் வாளியிலிருந்து சொட்டும் நீர்த்துளிச் சத்தம் மட்டும்.

பிறகு அவன் காதுக்கு மிகக் கிட்டத்தில், பச்சைப் பால் வாசனையோடு, யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

கை தளர்ந்தது.

கத்தி சேற்றில் விழுந்தது. அவன் சந்தனம்மாளைத் தூக்கினான். கால்கள் வரவில்லை. மண்டியிட்டு இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டினான். பாதங்கள் வெளியே வந்தபோது, வாழைநாரைக் கிழிப்பது போன்ற சின்னச் சின்ன அறுபடும் சத்தம் கேட்டது. குதிகாலில் வெள்ளை நூல்கள் தொங்கின. அத்தி வேர் ஒட்டியிருக்கிறது என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு அவற்றைத் துடைத்தான்.

அவள் கண் விழித்து முதலில் கேட்டது, "எதுக்கு மாமா அழறீக?" என்பதுதான்.

பெட்டி, பாய், மூட்டை எதையும் எடுக்கவில்லை. வைக்கோலைப் பரப்பி அவளை வண்டியில் படுக்கவைத்து, அன்று மத்தியானமே கிளம்பினான். நாய் எல்லை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயமங்கலத்தில் சந்தனம்மாளின் தாய் மொக்கம்மாள் வீட்டில் தங்கினார்கள். அங்கே சுற்றிலும் வயல், வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னை, எந்த நேரமும் ஆள் நடமாட்டம். ஈரச் சாக்கு வரவில்லை. கப்பிச் சத்தம் இல்லை. வயிற்றைச் சுற்றியிருந்த வளையம் மெல்ல மங்கியது. கோம்பையில் நடந்ததைச் சந்தனம்மாள் ஒரு நோய்போல மறக்கத் தொடங்கினாள். செல்லப்பாண்டி யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கிணற்றடியில் தான் பேசியதை மட்டும் அவன் அவளிடம்கூடச் சொல்லவில்லை.

தை மாதம், பத்து மாசமும் நிறைந்து, ஒரு காலைப்பொழுதில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி சண்முகத்தாய் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். வீடே அதிரும்படி அழுதது. "நல்லா வேர் ஓடுன புள்ள ஆத்தா இது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். செல்லப்பாண்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மருத்துவச்சி தொப்புள்கொடியை அறுத்து, நச்சுக்கொடியை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு போய், வழக்கம்போலத் தென்னைக்கு அப்பால் கொல்லை மூலையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள்.

பதினாறாம் நாள் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பின் வீடு ஓய்ந்தது. குழந்தை உள்ளே சேலைத் தூளியில் அழுதுகொண்டிருந்தது. எச்சில் இலைகளைப் போடக் கொல்லைக்குப் போன மொக்கம்மாள், அங்கிருந்தபடியே கூப்பிட்டாள்.

"மருமகனே, இங்கன வாங்க. நச்சுக்கொடி பொதச்ச எடத்துல பாத்தி கட்டுனது நீங்களா?"

செல்லப்பாண்டி போனான். அவன் போன வேகத்தைப் பார்த்துச் சந்தனம்மாளும் பின்னாலேயே வந்தாள்.

கொல்லை மூலையில், புல் செதுக்கி, ஒரு சீரான வட்டப்பாத்தி கட்டியிருந்தது. வெயில் படாமல் இரண்டு தென்னங்கீற்றை ஊன்றி நிழல் வைத்திருந்தது. பாத்தி நிறையத் தண்ணீர். ஊற்றிய தண்ணீர் இன்னும் மண்ணுக்குள் இறங்கவில்லை. மேலே நுரைக் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன.

மூன்று பேரும் பாத்தியைச் சுற்றி நின்றார்கள்.

வீட்டுக்குள் வீறிட்டு அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது.

பிறகு, ஆளில்லாத அந்த வீட்டுக்குள்ளிருந்து, தூளிக் கயிறு உத்திரத்தில் உரசி உரசி ஆடும் சத்தம் நிதானமாகக் கேட்கத் தொடங்கியது.